படகு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் நியூட்ரல் போட்டுப் பாருங்கள்

லாரி ஒரு பக்கம் இழுத்தால் கிருஷ்ணகிரி பைபாஸில் அலைன்மென்ட் பார்க்க ஆள் இருக்கிறார்கள். படகு இழுத்தால் நாமே குனிந்து பார்க்க வேண்டியதுதான். நண்பரின் சின்ன இன்போர்டு (எஞ்சின் உள்ளேயே இருக்கும்) படகை, அனுமதி வாங்கி கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் இறக்கினோம். பிடியைத் தளர்த்தியதுமே ஸ்டியரிங் வலப்பக்கம் சுற்றிக்கொண்டது. அதைச் சரிசெய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

1. ஓட்டிப் பார்ப்பது. காற்றில்லாத காலை நேரம் நல்லது. ஒரு திசையில் போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். போகும்போது வலம், வரும்போது இடம் என்று இழுத்தால் குற்றவாளி காற்று. இரண்டு முறையும் வலம்தான் என்றால் கோளாறு படகில்.

2. நியூட்ரல். வேகத்தில் போகும்போது த்ராட்டிலை மெல்லக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். சட்டென்று விட்டால் பின்னால் துரத்தி வரும் அலை படகுக்குள் ஏறிவிடும். படகு ஓய்வதற்குள் கிடைப்பது சில விநாடிகள்தான். அதற்குள் இழுப்பு மறைந்தால், புரொப்பல்லர் சுழற்றித் தள்ளும் நீர் சுக்கானில் (படகைத் திருப்பும் பின்பக்கப் பலகை) மோதுவதுதான் காரணம். மறையாவிட்டால் சுக்கான், அடிப்பகுதி, எடை ஆகியவற்றைப் பாருங்கள்.

(ரிவர்ஸில் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்குவது கோளாறு இல்லை. ஒற்றை புரொப்பல்லர் படகுகளின் குணமே அது.)

3. கரையில். எஞ்சினை அணைத்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, புரொப்பல்லர் பக்கம் கையை நீட்டுங்கள். எங்கள் ஷாஃப்டில் அறுந்த மீன்வலை நைலான் சுற்றியிருந்தது. புரொப்பல்லர் இலைகளில் வளைவோ சிதைவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு ஸ்டியரிங் கேபிளைக் கழற்றி, சுக்கானைக் கையால் திருப்புங்கள். இறுக்கமும் கூடாது, லொடலொடவென்ற ஆட்டமும் கூடாது. ஸ்டியரிங் நடுவில் இருக்கும்போது சுக்கானும் நேராக நிற்கிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த கருவி, கொத்தனார் நூல். ஸ்கேல் எல்லாம் வேண்டாம்.

4. நான் கோட்டைவிட்ட இடம். சில சுக்கான்களின் பின்விளிம்பில் ஒரு சின்னத் தகடு இருக்கும். வலம் இழுக்கிறதே என்று அதை இடப்பக்கம் வளைத்தேன். அடுத்த ஞாயிறு ஸ்டியரிங்கைப் பிடிக்க இரண்டு கையும் போதவில்லை!

தகடு இடம் வளைந்திருந்தால் நீர் அதை வலப்பக்கம் தள்ளும். அதோடு சுக்கானின் வால் வலம் போகும், படகும் வலம் திரும்பும். ஆக, வலம் இழுத்தால் தகட்டை வலப்பக்கம் வளைக்க வேண்டும். இழுக்கும் பக்கமே வளை என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஸ்க்ரூ ஸ்பேனர் பல் பதிக்கும்; இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் பிடித்து ஒரு நூல் அளவுக்கு வளைத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி வளையுங்கள். தகடு இல்லாத வார்ப்புச் சுக்கானை வளைக்க முயலாதீர்கள், விரிசல் விடும்.

பின்சேர்க்கை: எல்லாம் பார்த்தும் இழுக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். பேட்டரி, டீசல் கேன், ஐஸ் பெட்டி மூன்றும் ஒரே பக்கம்! படகு சாய்ந்து ஓடினால் நேராகப் போகாது. ஹைட்ராலிக் ஸ்டியரிங் பஞ்சுபோல் அமுங்கினால் அது வேறு கதை, உள்ளே காற்று புகுந்திருக்கும். முதலில் அதை வெளியேற்றிவிட்டு மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.