இளைஞர்களைத் துரத்தும் எஃப்எம்கள் கோட்டை விடும் இடங்கள்

2003-ல் சூரியனும் மிர்ச்சியும் சென்னைக்கு வந்த புதிதில் போட்டி சுலபமாக இருந்தது. பக்கத்து ஸ்டேஷனில் விளம்பரம் ஓடும் நேரத்தில் நம்மிடம் பாட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். விளம்பரம் வந்தால் காது தாவும். தாவுகிற காதைப் பிடிக்க வேண்டும். 2006 வாக்கில் ஹலோ, பிக், ரேடியோ சிட்டி எல்லாம் சேர்ந்த பிறகும் கணக்கு இதேதான். இன்றைக்குத் தாவுகிற காது நேராகச் செல்போனில் போய் விழுகிறது. பழைய கணக்கோடு இருபது வயதுக்காரர்களைப் பிடிக்கப் போனால் என்ன ஆகும் என்பதைச் சில வருடம் ஒரு எஃப்எம்மில் புரோகிராமிங் வேலையில், அதாவது எப்போது எது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையில், இருந்து பார்த்திருக்கிறேன். கல்லூரி வானொலி நடத்தும் பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, பாட்டை வைத்து ஜெயிக்கப் பார்ப்பது. புதுப் படத்தின் பாட்டை மணிக்கு ஒரு தடவை போட்டால் இளைஞர்கள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. யூடியூபில் லிரிக் வீடியோ வந்த அன்றே அந்தப் பையன் அதைப் பத்துத் தடவை கேட்டு முடித்திருப்பான். 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானதோடு, 'புதுப் பாட்டு எங்களிடம்தான்' என்ற பெருமையெல்லாம் போயிற்று. சரி, இளைஞர் என்றால் புதுப் பாட்டு மட்டும்தான் என்று யார் சொன்னது? ராத்திரியானால் எஃப்எம்கள் இளையராஜாவுக்குத் திரும்புகின்றன. ஹாஸ்டல் பிள்ளைகளும்தான் கேட்கிறார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் தரும் தவறு வேறு. இந்தியாவில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த விதியைச் சொல்லும் மத்திய அரசின் 2011-ம் ஆண்டு எஃப்எம் கொள்கையிலேயே, செய்திக் கணக்கில் சேராதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது: போக்குவரத்து, வானிலை, கலை நிகழ்ச்சிகள், திருவிழாக்கள், தேர்வு, ரிசல்ட், அட்மிஷன், வேலைவாய்ப்பு, கரண்ட், தண்ணீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை. இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பதினேழு வயதிலிருந்து இருபத்தைந்து வரை ஒருவருடைய தூக்கத்தைக் கெடுப்பது எதுவோ, அதில் பாதி இதில் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வு நடக்கும் வாரங்களில், சாய்ஸ் ஃபில்லிங்கில் எந்தக் காலேஜை மேலே போடுவது என்று வீட்டுக்கு வீடு குழப்பம். விஷயம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து அரை மணி நேரம் போன் எடுத்தால் போதும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதும் லட்சக்கணக்கானவர்களுக்கும் இப்படி ஒன்று செய்யலாம். நான் இருந்த இடத்தில் ஒருமுறை இதைச் சொன்னபோது, 'அது டிவிக்காரன் வேலை' என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அந்த வாரம் நாங்கள், 'உங்க க்ரஷ் பேர் எந்த எழுத்துல ஆரம்பிக்கும்?' என்று ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்டும் சிக்னலும் போய்ச் சென்னை இருட்டில் கிடந்தபோது, எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே உதவி கிடைக்கும் என்று எஃப்எம்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அன்றைக்கு இது யூத் ஸ்டேஷனா என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது பேச்சு. ஆர்ஜே இரண்டு பாட்டுக்கு நடுவில் பேசுவதை லிங்க் என்போம். "ஹாய் மக்களே, செம்ம வெதர், செம்ம வைப்..." என்று ஒரு லிங்க் முப்பது விநாடி ஓடும். அதை வெட்டி எடுத்துவிட்டுக் கேட்டால் எதுவும் குறையாது. ரீல்ஸில் வந்த புதுச் சொல்லை முப்பத்தெட்டு வயது ஆர்ஜே மைக்கில் சொல்லும்போது, பிள்ளைகள் அந்தச் சொல்லை விட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். மாறாக இதைப் பாருங்கள்: "போரூர் சிக்னல்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணான். பதினஞ்சு நிமிஷமா நிக்கிறானாம். ஒன்பது மணிக்கு அவனுக்கு இன்டர்வியூ." பத்து விநாடிதான். ஆனால் ரேடியோவை அணைக்க மனசு வராது. அவன் போய்ச் சேர்ந்தானா என்று தெரிய வேண்டுமே.

பிராங்க் கால், அதாவது வேறு ஆளாக நடித்துப் போனில் ஏமாற்றிக் கலாய்ப்பது, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2012 டிசம்பரில் சிட்னியின் டூடே எஃப்எம் தொகுப்பாளர்கள் இருவர், பிரிட்டன் அரசியாகவும் இளவரசராகவும் நடித்து லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குப் போன் செய்தார்கள். அழைப்பை எடுத்து வார்டுக்கு மாற்றிக் கொடுத்த செவிலியர் மூன்றே நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

ஆர்ஜே ரீல் போடட்டும், தப்பில்லை. அதன் வியூஸைக் காட்டி 'யூத் நம்ம பக்கம்' என்று மீட்டிங்கில் பேசுவதுதான் தப்பு. ரீலைப் பார்த்தவன் ரேடியோவை எதில் திறப்பான்? பல போன்களில் எஃப்எம் வசதியே இல்லை. அதை முடக்காமல் வையுங்கள் என்று 2023-ல் மத்திய அரசே போன் கம்பெனிகளுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. வசதி இருக்கிற போனிலும் பெரும்பாலும் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. ப்ளூடூத் பட்ஸ் மாட்டியிருப்பவருக்கு எஃப்எம் எப்படி எட்டும்?

அப்புறம் எங்கேதான் கேட்கிறார்கள்? ஷேர் ஆட்டோவில், சலூனில், மெஸ்ஸில், ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளின் கேப் வண்டியில். எல்லாம் அடுத்தவர் ரேடியோ. ஸ்டேஷனை மாற்றும் கை டிரைவர் அண்ணனுடையது. அவருக்கு எரிச்சல் வந்தால் பின்சீட்டுக்கு நம் நிகழ்ச்சி போய்ச் சேராது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, சோழிங்கநல்லூர் தாண்டி, அப்படி ஒரு கேப் வண்டியில். முன்சீட்டில் நான், பின்னால் வேலை முடிந்து வரும் இரண்டு பிள்ளைகள். ரேடியோவில் ஒரு ஆர்ஜே யாரையோ போனில் கலாய்க்க ஆரம்பித்தார். டிரைவர் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பட்டனை அழுத்தினார். அடுத்த ஸ்டேஷனில் ராஜா பாட்டு. பின்சீட்டில் இருந்த பெண் காதிலிருந்து பட்ஸைக் கழற்றினாள்.

"அண்ணா, கொஞ்சம் சவுண்டு வைங்க."