சூப்பர்நோவா அட்டவணையிலிருந்து அண்டத்தின் முடுக்கத்தைப் பார்ப்பது எப்படி?

"தொலைவில் உள்ள கேலக்ஸிகள் அதிக வேகத்தில் விலகுகின்றன, ஆகவே அண்டம் முடுக்கத்துடன் விரிகிறது." இந்த விளக்கம் பல இடங்களில் கண்ணில் படுகிறது. முதல் பாதி சரி. "ஆகவே" என்ற சொல்தான் தவறு. வேகம் குறைந்துகொண்டே வரும் அண்டத்திலும் தொலைவில் இருப்பது வேகமாகத்தான் விலகும். எங்கும் சீராக விரியும் எதற்கும் அது பொது. 1929-இல் வானியலாளர் எட்வின் ஹபிள் காட்டியது அதைத்தான். முடுக்கம் தெரிய வர 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அது தெரியும் இடமும் வேறு. அந்த இடத்தை ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் நீங்களே பார்த்துவிடலாம்.

தேவையானவை: ஒரு கணினி, லிபர்ஆஃபிஸ் கால்க், 'யூனியன் 2.1' சூப்பர்நோவா அட்டவணை (580 சூப்பர்நோவாக்கள், அதாவது வெடித்த விண்மீன்கள்; இலவசமாக இறக்கலாம்), ஒரு மதியப் பொழுது. லாகரிதம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவை பைத்தான் வேண்டாம். அதன் வானியல் நிரல் தொகுப்பான ஆஸ்ட்ரோபை ஒரே வரியில் விடையைத் தந்துவிடும். எந்தப் பெருக்கல் எதற்கு என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

படி 1: செம்பெயர்ச்சியை ஒருமுறை கையால் கணக்கிடுங்கள்

செம்பெயர்ச்சி என்பது விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு. 3சி 273 என்ற குவாசரை (மிகப் பிரகாசமான ஒரு தொலைதூரக் கேலக்ஸி மையம்) எடுத்துக்கொள்வோம். 1963-இல் மார்ட்டென் ஷ்மிட் அதன் நிறமாலையில் 5632, 5032, 4753 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் கோடுகள் இருப்பதாகக் குறித்தார். ஆய்வகத்தில் ஹைட்ரஜன் தரும் கோடுகள் 4861, 4340, 4102.

கழித்துப் பார்த்தால் 771, 692, 651. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. வகுத்துப் பாருங்கள்: 1.159, 1.159, 1.159. எல்லாக் கோடுகளும் ஒரே மடங்கு நீண்டிருக்கின்றன. அந்த மடங்கிலிருந்து 1-ஐக் கழித்தால் செம்பெயர்ச்சி. ஷ்மிட் எல்லாக் கோடுகளையும் சேர்த்துத் தந்த விடை 0.158.

ஒரே ஒரு கோட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது ஹைட்ரஜனா ஆக்சிஜனா என்று தவறாக எடுத்தால் விடை முழுக்கப் போய்விடும். குறைந்தது இரண்டு கோடுகள் ஒரே மடங்கைத் தர வேண்டும். ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே நிறமாலைகளைப் பயன்படுத்துவோர் கவனிக்க: அவை வெற்றிட அலைநீளங்கள். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு காற்றில் 6562.8, வெற்றிடத்தில் 6564.6. இரண்டையும் கலந்தால் நொடிக்கு சுமார் 80 கி.மீ. பிழை வரும். பக்கத்துக் கேலக்ஸிக்கு அது பெரிய பிழை.

படி 2: வேகமாக மாற்றாதீர்கள்

செம்பெயர்ச்சியை ஒளிவேகத்தால் பெருக்கி 'வேகம்' எடுக்கும் பழக்கம் சிறு மதிப்புகளுக்கு மட்டும் சரி. யூனியன் அட்டவணையின் கடைசி சூப்பர்நோவாக்கள் 1.4-ஐத் தொடுகின்றன, பெருக்கினால் ஒளியை மிஞ்சிய வேகம் வரும். பயப்பட ஒன்றுமில்லை, கேள்வியே தவறு. செம்பெயர்ச்சி சொல்வது வேறொன்று: ஒளி கிளம்பியதிலிருந்து இன்று வரை அண்டம் எத்தனை மடங்கு நீண்டிருக்கிறது. செம்பெயர்ச்சி 0.5 என்றால் 1.5 மடங்கு. அவ்வளவுதான்.

படி 3: அட்டவணையை ஏற்றுதல்

கோப்பைத் திறக்கும்போது பிரிப்பான் 'டேப்' என்று தேர்ந்தெடுங்கள். தொடக்கத்திலுள்ள விளக்க வரிகளை நீக்குங்கள். பெயர், செம்பெயர்ச்சி, தொலைவு மாடுலஸ், அதன் பிழை ஆகிய முதல் நான்கு நெடுவரிசைகள் போதும். எண்கள் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அவை உரையாக ஏறியிருக்கின்றன. கணக்கு சரியாக வராது. மறுபடி ஏற்றுங்கள்.

மாடுலஸ் என்பது தோன்றும் பொலிவுக்கும் உண்மைப் பொலிவுக்கும் உள்ள வித்தியாசம். உண்மைப் பொலிவு நமக்கு எப்படித் தெரியும்? இவை எல்லாம் 1ஏ வகை. வெண்குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்) ஒன்று சூரியனைப்போல் 1.4 மடங்கு என்ற நிறை எல்லையை நெருங்கும்போது வெடிப்பது என்பது இதற்கான பழைய விளக்கம். அந்த எல்லையை 1930-இல், சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே கணக்கிட்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். ஆனால் எல்லா 1ஏ-யும் ஒரே பொலிவு அல்ல: பொலிவு கூடியவை மெதுவாக மங்கும். அந்தத் திருத்தம் அட்டவணையில் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. மறுபடி செய்ய வேண்டாம்.

படி 4: மாதிரி அண்டங்களைக் கட்டுங்கள்

புதிய தாளில் முதல் நெடுவரிசையில் 0 முதல் 1.5 வரை 0.01 இடைவெளியில் செம்பெயர்ச்சியை நிரப்புங்கள். பிறகு வரிசையாக:

இரண்டாவதில்: (1 + செம்பெயர்ச்சி)-இன் கனத்தை 0.3-ஆல் பெருக்கி, 0.7 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதனால் வகுங்கள். 0.3 பருப்பொருளின் பங்கு, 0.7 விரிவை முடுக்கும் இருள் ஆற்றலின் பங்கு.

மூன்றாவதில்: முதல் வரியில் 0 போடுங்கள். மற்றவற்றில், இரண்டாவது நெடுவரிசையின் இந்த வரிக்கும் மேல் வரிக்கும் சராசரி எடுத்து, 0.01-ஆல் பெருக்கி, மேலே உள்ள கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

நான்காவதில்: அதை 4283-ஆல் பெருக்குங்கள் (ஒளிவேகம் 299792-ஐ, இன்றைய விரிவு வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலி 70-ஆல் வகுத்தது). மெகாபார்செக் என்ற வானியல் அலகில் தொலைவு கிடைக்கும்.

ஐந்தாவதில்: (1 + செம்பெயர்ச்சி)-ஆல் மறுபடி பெருக்குங்கள்.

இந்த ஐந்தாவது நெடுவரிசைப் பெருக்கலைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். விரிவு ஒளியை இரண்டு விதமாக மங்கவைக்கிறது: ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் குறைகிறது, அவை வந்து சேரும் இடைவெளியும் நீள்கிறது. இரண்டு மடங்குகள் சேர்ந்து வர்க்கமாகின்றன. பொலிவு தொலைவின் வர்க்கத்தோடு குறைவதால் தொலைவில் ஒருமுறை நிற்கிறது. இடைவெளி நீள்வதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள்: இங்கே 20 நாளில் மங்கும் சூப்பர்நோவா, செம்பெயர்ச்சி 0.5-இல் 30 நாள் எடுக்கும். இந்தப் பெருக்கலை விட்டால் 0.5-இல் மாடுலஸ் 0.88 பிழையாகும். நாம் தேடும் விளைவோ 0.12 மட்டுமே.

ஆறாவதில்: 10-ஐ அடியாகக் கொண்ட லாக் எடுத்து, 5-ஆல் பெருக்கி, 25 கூட்டுங்கள். இதுதான் மாடுலஸ். இயல் லாக் எடுத்துவிடாதீர்கள். முதல் வரி பிழை காட்டும், சுழிக்கு லாக் கிடையாது, அதை அழித்துவிடுங்கள்.

சரிபார்க்க 0.5 வரியில் மூன்றாவது முதல் ஆறாவது நெடுவரிசை வரை பாருங்கள்: 0.441, 1889, 2833, 42.26. இது வராமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அதே தாளை நகலெடுத்து 0.3, 0.7-க்குப் பதில் 1, 0 போடுங்கள். இருள் ஆற்றலே இல்லாத, ஈர்ப்பு மட்டும் உள்ள அண்டம். 0.5-இல் 41.86 வர வேண்டும்.

மூன்றாவது மாதிரி வெற்று அண்டம்: முடுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. இதற்கு 0, 0 போட்டால் விடை தவறு. மேலே உள்ள சூத்திரம் தட்டையான வெளிக்கு மட்டும். வெற்று அண்டத்தின் வெளி வளைந்தது. 0.3, 0 போட்டுப் பார்ப்பவர்களும் இங்கேதான் சிக்குகிறார்கள்: இரண்டு பங்குகளின் கூட்டு 1 ஆகாவிட்டால் வளைவைச் சேர்க்காமல் சூத்திரம் நிற்காது. வெற்று அண்டத்துக்கு மட்டும் எளிய வழி உண்டு: செம்பெயர்ச்சியை (1 + அதன் பாதி)-ஆல் பெருக்கி, 4283-ஆல் பெருக்கினால் ஐந்தாம் நெடுவரிசை நேராக வந்துவிடும். 0.5-இல் 42.14.

படி 5: கழித்துவிட்டு வரையுங்கள்

மாடுலஸை அப்படியே வரைந்தால் மூன்று கோடுகளும் ஒன்றாகத் தெரியும். அச்சு 34-இலிருந்து 45 வரை போகிறது. எல்லாவற்றிலிருந்தும் அதே செம்பெயர்ச்சியில் வெற்று அண்டத்தின் மதிப்பைக் கழியுங்கள். அப்போது வெற்று அண்டம் சுழிக் கோடு. அதற்கு மேலே இருப்பது எதிர்பார்த்ததைவிட மங்கல், கீழே இருப்பது பிரகாசம்.

ஒவ்வொரு புள்ளியின் பிழையும் 0.2 அளவில் இருப்பதால் 580 புள்ளிகளும் கொட்டிக் கிடக்கிற கடுகுபோல்தான் தெரியும். 0.1 அகலக் கூடைகளாகப் பிரித்து, 1-ஐப் பிழையின் வர்க்கத்தால் வகுத்து வரும் எடையோடு சராசரி எடுங்கள். 30 சூப்பர்நோவா உள்ள கூடையில் பிழை 0.04-க்கு இறங்கும்.

ஹபிள் மாறிலி 67-ஆ 73-ஆ என்ற தகராறு இங்கே தடையில்லை. 70-க்குப் பதில் 73 போட்டால் மாதிரிக் கோடுகள் எல்லாம் ஒரே அளவு, 0.09, இடம் மாறும். 0.1-க்குக் கீழுள்ள கூடையைச் சுழிக்கோட்டில் பொருத்திவிட்டு வடிவத்தை மட்டும் பாருங்கள்.

படி 6: படத்தைப் படிப்பது

0.5 அருகே கூடைகள் சுழிக்கு மேலே, 0.1 அளவில் நிற்கும். ஈர்ப்பு மட்டும் உள்ள மாதிரி அங்கே 0.28 கீழே கிடக்கும். மங்கல் என்றால் ஏன் முடுக்கம்?

இரண்டு தென்னங்கன்றுகள். இன்று இரண்டும் 3 அடி; இன்றைய வளர்ச்சி வேகமும் ஒன்றே. ஒன்று முன்பு வேகமாக வளர்ந்து இப்போது தளர்கிறது. மற்றது முன்பு மெதுவாக வளர்ந்து இப்போது வேகமெடுக்கிறது. 2 அடியிலிருந்து 3 அடிக்கு வர எது அதிக நாள் எடுத்திருக்கும்? வேகமெடுக்கும் கன்றுதான். அண்டம் 1.5 மடங்கு நீள எவ்வளவு காலம் ஆனது என்பதும் அதே கேள்வி. தளரும் மாதிரியில் 424 கோடி ஆண்டு, முடுக்க மாதிரியில் 500 கோடி ஆண்டு. அதிக காலம் பயணித்த ஒளி அதிக தொலைவைக் கடந்திருக்கிறது, அதனால் மங்கல். மடங்கைச் சொல்வது செம்பெயர்ச்சி, கடந்த தொலைவைச் சொல்வது பொலிவு. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து முடுக்கத்தைச் சொல்லவே முடியாது.

ரீஸ், ஷ்மிட் குழுவும் பெர்ல்மட்டர் குழுவும் கண்டது இதைத்தான். 2011-இல் மூவருக்கும் நோபல். அந்த ஷ்மிட் பிரையன் ஷ்மிட். மேலே குவாசரில் வந்தவர் வேறு.

சேர்ப்பு: "இடையில் உள்ள தூசு மறைத்திருக்கலாமே?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நியாயமான கேள்வி, பதிலும் உங்கள் படத்திலேயே இருக்கிறது. தூசு என்றால் தொலைவு கூடக் கூட மங்கல் கூடிக்கொண்டே போக வேண்டும். முடுக்க மாதிரியின் கோட்டைப் பாருங்கள்: 0.5-இல் 0.12, 1.0-இல் 0.06, 1.4-இல் சுழிக்குக் கீழே. சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை பருப்பொருளின் கை ஓங்கி விரிவு தளர்ந்துகொண்டிருந்ததன் தடம் அது. செம்பெயர்ச்சி 1.7 அளவிலுள்ள 1997எஃப்எஃப் சூப்பர்நோவா, தூசுக் கணக்குக்கு ஒத்துவராத அளவு பிரகாசமாக இருந்ததை 2001-இல் ரீஸ் குழு வெளியிட்டது. உங்கள் அட்டவணையில் 1-க்கு மேல் புள்ளிகள் குறைவு. அந்தக் கூடைகளை 0.2 அகலமாக்குங்கள்.

இன்னொரு சேர்ப்பு: பாந்தியன் பிளஸ் என்ற இன்னொரு சூப்பர்நோவாத் தரவை (1550 சூப்பர்நோவா, அவற்றின் பொலிவு மாறுவதைக் காட்டும் 1701 ஒளிவளைவுகள்) இதே தாளில் போடலாமா? வரைந்து பார்க்க மட்டும் போடலாம். 0.01-க்குக் கீழுள்ளவற்றை முதலில் நீக்குங்கள். அங்கே கேலக்ஸியின் சொந்த ஓட்டம் நொடிக்கு 300 கி.மீ. இருந்தாலே மாடுலஸ் 0.2 புரண்டுவிடும். 0.3-ஐயும் 0.7-ஐயும் மாற்றி மாற்றிப் பொருத்தி விடை எடுக்க வேண்டுமானால் 1701-க்கு 1701 என்ற பிழைத் தொடர்பு அணியும் கூட வரும். அதற்குத்தான் பைத்தானும் அதன் அணிக் கணக்குத் தொகுப்பான நம்பையும்.