சிற்றாயுதத் தரகுக்குச் சட்டம் எழுதுவது எப்படி?

ஆயுதத் தரகருக்குக் கிடங்கு தேவையில்லை. ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு நாட்டில் விற்பவரையும் மூன்றாவது நாட்டில் வாங்குபவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்கிவிடுவார். சரக்கு அவர் இருக்கும் நாட்டுக்கு வராததால் சுங்கத்துறைக்குத் தெரியாது. ஏற்றுமதிச் சட்டத்தில் ஒரு வாசகம் சேர்ப்பது போதாததற்குக் காரணம் இதுதான். சட்டம் பிடிக்க வேண்டியது பேரத்தை.

வரையறையில் வாங்கி விற்பதோடு அறிமுகம் செய்வது, பேரம் பேசுவது, ஒப்பந்தத்துக்கு ஏற்பாடு செய்வது மூன்றையும் எழுதுங்கள். தோட்டாவும் உதிரிபாகமும் பட்டியலில் இருக்கட்டும். சரக்குப் போக்குவரத்து, நிதி, காப்பீடு ஆகியவை அடங்குமா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். விட்டுவிட்டால், பிடிபட்டவர் 'நான் வெறும் போக்குவரத்து ஏஜென்ட்' என்பார்.

அடுத்தது அதிகார எல்லை. பெரும்பாலான சட்டங்கள் சறுக்குவது இங்கேதான். ஆயுதத் தரகர் லியோனிட் மினின் 2000 ஆகஸ்டில் இத்தாலியில் கைதானபோது, லைபீரியாவுக்குப் போன ஆயுதங்கள் பற்றிய ஆவணங்கள் அவருடைய ஓட்டல் அறையிலேயே சிக்கின. ஆனாலும் அந்த ஆயுதங்கள் இத்தாலிய மண்ணைத் தொடவில்லை என்பதால் ஆயுதக் கடத்தல் வழக்கு நிற்கவில்லை. ஆகவே நாட்டுக்குள் தரகு செய்யும் எவருக்கும், வெளிநாட்டில் செய்யும் சொந்தக் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் சட்டம் பொருந்தும் என்று எழுதுங்கள்.

பதிவு வேறு, உரிமம் வேறு. பதிவு என்பது ஆளைச் சோதிப்பது: குற்றப் பின்னணி, நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர். உரிமம் ஒவ்வொரு பேரத்துக்கும் தனித்தனியாக, பேச்சு தொடங்கும் முன்பே வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் ஆயுத வகை, எண்ணிக்கை, விற்பவர், வாங்குபவர், இறுதிப் பயனர், சரக்கு போகும் வழி, கமிஷன் தொகை எல்லாம் வேண்டும்.

இறுதிப் பயனர் சான்றிதழில் (ஆயுதம் கடைசியில் யாரிடம் போகும் என்று வாங்கும் நாட்டு அரசு தரும் உறுதி) முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்தால் போலிக்குப் போலியே உத்தரவாதம் தருவான். தூதரகம் வழியாக அந்த நாட்டு அமைச்சகத்திடமே கேளுங்கள். அசல் சான்றிதழாகவே இருந்தாலும், அந்த நாட்டுப் படையின் அளவுக்குக் கேட்கும் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஆவணங்களை எத்தனை ஆண்டு வைப்பது? ஆயுத வர்த்தக ஒப்பந்தம் (2013) என்ற சர்வதேச உடன்படிக்கை கேட்பது குறைந்தது 10 ஆண்டு. துப்பாக்கியின் ஆயுள் அதைவிட நீளம். 20 என்று எழுதுவதே நல்லது.

அபராதத்தை நிலையான தொகையாக வைக்காமல் பேரத்தின் மதிப்போடு கட்டுங்கள். இல்லாவிட்டால் அதையும் தொழில் செலவில் சேர்த்துக்கொள்வார்கள். சிறைத்தண்டனை நிறுவன இயக்குநர்களுக்கும் பொருந்தட்டும்.