கழுவும் தொட்டியில் தொடங்குங்கள்: இராமநாதபுரம் கடற்கரையில் தியேட்டர் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு

ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி படிப்பவர்கள் பயிற்சிக்கு வந்த முதல் வாரமே சர்ஜன் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்க ஆசைப்படுவார்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போட்டாலும், பரமக்குடி, இராமேஸ்வரம் அரசு மருத்துவமனைகளில் போட்டாலும், நாங்கள் சொல்வது ஒன்றுதான்: முதல் இரண்டு வாரம் கருவி கழுவும் தொட்டியிலும் ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம்) அறையிலும் நில்லுங்கள். இந்தக் கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காற்றிலும் ஈரமும் உப்பும். அறுவை மேஜையில் தெரியவரும் பல கோளாறுகளுக்கு வேர் இந்த இரண்டு அறைகளில் இருக்கிறது.

வருவதற்கு முன்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 ஊசி: முதல் நாள், 1 மாதம் கழித்து, 6 மாதம் கழித்து. மூன்றாவது ஊசி போட்டு 1 முதல் 2 மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி அளவு (anti-HBs) 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் எட்டு மாதம் வரை ஆகும். அதனால் கல்லூரியில் சேர்ந்த உடனே தொடங்கிவிடுங்கள். பயிற்சி ஆணை கைக்கு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், மணிக்கட்டுக் கயிறு எதுவும் கூடாது. கோயிலில் கட்டியதோ, ஏர்வாடி தர்காவில் கட்டியதோ, கயிற்றை அவிழ்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கயிற்றுக்கு அடியில் தோல் சுத்தமாகாது.

காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் 55 கிலோமீட்டர் அளவு. முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு வந்து, முட்டியை விறைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றால் தலை சுற்றும். சுற்றுகிறது என்று தோன்றியதுமே வாய்விட்டுச் சொல்லி, மேஜையை விட்டுப் பின்னால் நகர்ந்து தரையில் உட்காருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் சமாளித்து நோயாளியின் மேல் சாய்வதுதான் ஆபத்து.

கழுவும் தொட்டி

ரத்தம் காய்ந்துவிட்டால் கருவியின் பூட்டுக்குள் (இரு பாகம் சேரும் கீல்) போன அழுக்கு எளிதில் வராது. எனவே ஆபரேஷன் முடிந்ததும் கருவியை ஊறப் போட வேண்டும். சலைனில் (உப்புக் கரைசலில்) ஒருபோதும் போடாதீர்கள். சலைனில் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நுண்ணிய குழிகளை உண்டாக்கும். ப்ளீச்சிங் கரைசலும் அதையேதான் செய்யும். என்சைம் கரைசலைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நேரம் ஊற விடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூடு கூடினால் ரத்தத்திலுள்ள புரதம் வெந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், ஆலிஸ், நீடில் ஹோல்டர், கத்தரி எல்லாவற்றையும் விரித்த நிலையிலேயே கழுவுங்கள். பிரஷ் தேய்ப்பது தண்ணீருக்கு அடியில் நடக்க வேண்டும். மேலே தேய்த்தால் ரத்தத் துளி உங்கள் முகத்தில் தெறிக்கும். தடித்த கையுறை, முகத்தடுப்பு, ஏப்ரன் போடாமல் தொட்டியருகே போகாதீர்கள். சக்‌ஷன் முனைகளுக்குள் மெல்லிய பிரஷை முழு நீளத்துக்கும் விட்டு எடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் அலசியதோடு நிறுத்துவதுதான் இந்தக் கடற்கரையில் நடக்கும் பெரிய தவறு. கடைசி அலசல் ஆர்.ஓ. அல்லது டிஸ்டில்டு வாட்டரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டோகிளேவ் சூட்டில் தண்ணீர் போய், உப்பு மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தங்கும். பழுப்புக் கறை கண்டால் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பாருங்கள். கறை போய் அடியில் உலோகம் வழவழப்பாக இருந்தால் அது வெறும் கறை; குழி தெரிந்தால் துரு, அந்தக் கருவியைத் தனியே எடுத்து வைத்துச் சிஸ்டரிடம் காட்டுங்கள். துருவோடு மற்றவற்றைச் சேர்த்து வைத்தால் அவற்றுக்கும் பரவும். பிறகு ஈரம் போகத் துடைத்து, பூட்டுக்கு மட்டும் கருவிக்கான எண்ணெய் விட்டு, பேக் செய்யுங்கள்.

ஆட்டோகிளேவ்

சாதாரண ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ், 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், துணி சுற்றிய பொருளுக்கு 30 நிமிடம். நேரத்தைச் சூடு 121-ஐத் தொட்ட பிறகே எண்ண வேண்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி சரியாகக் காட்டினாலும் சூடு ஏறியிருக்காது. அதனால் அழுத்தம், சூடு இரண்டின் முள்ளையும் பாருங்கள். வேக்குவம் உள்ள இயந்திரத்தில் 134 டிகிரியில் 4 நிமிடம். அதற்கு அன்றாடம் முதல் லோடுக்கு முன் போவி டிக் சோதனை (உள்ளே காற்று முழுவதும் வெளியேறுகிறதா என்று பார்ப்பது) உண்டு.

டிரம்மில் (துணி வைக்கும் உலோகப் பெட்டி) துணியைத் திணிக்காதீர்கள். அடுக்குகளுக்கு இடையே கை நுழைய வேண்டும். உள்ளே வைக்கும்போது பக்கவாட்டுத் துளைகள் திறந்திருக்கட்டும், எடுத்ததும் மூடுங்கள். பேக்கில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் பேக் சூட்டைப் பார்த்திருக்கிறது என்றுதான் அர்த்தம். உள்ளே கிருமி செத்ததற்கு அது சாட்சி ஆகாது. அதற்கு உயிரியல் சோதனை தனியே நடக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப் பேக் தொல்லை கூடும். சூடான பேக்கைக் குளிர்ந்த கடப்பைக் கல்லில் வைத்தால் அடியில் நீர் கோக்கும். கம்பி ரேக்கில் ஆறும் வரை விட்டு, பிறகே கையால் தொடுங்கள். ஈரம் பட்ட பேக்கை ஸ்டெரைல் (கிருமியற்றது) இல்லை என்றே எண்ணி, திரும்பப் பேக் செய்து முதலிலிருந்து ஓட்டுங்கள். காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்: நீர் வழியாகக் கிருமி துணிக்குள் போயாகிவிட்டது.

ஸ்க்ரப்

ஆபரேஷனுக்கு முன் முழங்கை வரை கை கழுவுவதுதான் ஸ்க்ரப். உப்புத் தண்ணீரில் நுரை சரியாக வராது. நுரையைப் பார்த்து அளக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள்: நாளின் முதல் ஸ்க்ரப் 5 நிமிடம். விரல்நுனி மேலே, முழங்கை கீழே. தண்ணீர் முழங்கை வழியாக வடிய வேண்டும். கவுன் போட்ட பின் ஸ்டெரைல் எனக் கொள்வது நெஞ்சிலிருந்து இடுப்பு வரை முன்பக்கமும், முழங்கைக்குச் சற்று மேல் வரை கையும் மட்டுமே. முதுகும் அக்குளும் சேராது. எதிலாவது பட்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தால் பட்டதாகவே வைத்துக்கொண்டு, "சிஸ்டர், கிளவுஸ் மாத்தணும்" என்று உடனே சொல்லுங்கள்.

நோயாளியின் பெயர், மாப் எண்ணிக்கை

"நீங்க அந்தோணியா?" என்று கேட்டால் பயத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "அண்ணே, உங்க பேரு என்ன? அப்பா பேரு? எதுக்கு ஆபரேஷன்?" என்று அவரே சொல்லும்படி கேளுங்கள். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை ஊர்களில் ஒரே பெயர் பல வீட்டில் இருக்கும். உள்நோயாளி எண்ணைக் கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிடுங்கள். மெட்டி, அரைஞாண், தாயத்து, தாலி எல்லாவற்றையும் காட்டரிக்காக (மின்சாரத்தால் ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி) கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் அம்மாவிடம் அதட்டாமல் காரணத்தைச் சொல்லி, உறவினர் கையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பவில்லை என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சிசேரியனில் ரத்தமும் பனிக்குட நீரும் சேர்ந்து வரும், வேகமும் அதிகம்; எண்ணிக்கை தவறுவதற்கு ஏற்ற இடம். மாப் (ரத்தம் ஒற்றும் துணி) ஐந்து ஐந்தாகக் கட்டியிருந்தால் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக, சர்க்குலேட்டிங் சிஸ்டர் (ஸ்டெரைல் உடை போடாமல் வெளியே நின்று உதவுபவர்) காதில் விழும்படி எண்ணுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் நூல் ஒவ்வொன்றிலும் இருக்கிறதா பாருங்கள். ஒரு கட்டில் 4 அல்லது 6 இருந்தால் கட்டு முழுவதையும் ஆபரேஷன் தொடங்கும் முன்பே வெளியே அனுப்பிவிடுங்கள். மொத்தத்தைப் போர்டில் எழுதச் சொல்லுங்கள். கீறுவதற்கு முன், கருப்பை மூடும் முன், வயிற்றுறை மூடும் முன், தோல் தைக்கும்போது, ஆள் மாறும்போது எண்ண வேண்டும். ஊசி, பிளேடும் கூடவே.

குறைந்தால் உடனே, "சார், ஒரு மாப் குறையுது" என்று சொல்லுங்கள். வயிற்றுக்குள், டிரேப் (நோயாளி மேல் விரிக்கும் துணி) மடிப்பில், தரையில், வாளியில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் எக்ஸ்ரே. கணக்கு நேராகும் வரை குப்பைப் பையும் அழுக்குத் துணியும் வெளியே போகக் கூடாது. போய்விட்டால் தேடுவதற்கு இடமே இருக்காது.

காட்டரி பிளேட்டை (மின்சாரம் உடலிலிருந்து திரும்பிப் போகும் தட்டு) முடியில்லாத, வியர்வை துடைத்த, சதைப்பிடிப்புள்ள தொடையில் ஒட்டுங்கள். எலும்பு மேடு, முன்பு உள்ளே வைத்த உலோகக் கம்பி, வடு உள்ள இடம் வேண்டாம். தோலில் தடவிய ஸ்பிரிட் குறைந்தது 3 நிமிடம் காயட்டும். முதுகுக்கு அடியில் தேங்கியிருந்தால் காட்டரிப் பொறியில் தீப்பிடிக்கும்.

கடலிலிருந்து வரும் காயங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு போய்க்கொண்டிருக்கும். ஆகவே இந்தக் காயங்களுக்கு ஆண்டு முழுவதும் தயாராக இருங்கள். திருக்கை முள்ளின் ஓரத்தில் பின்னோக்கிய பற்கள் உண்டு. இழுத்தால் கிழிக்கும், உள்ளே ஒடியவும் செய்யும். நீங்கள் பிடுங்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேட்டு, அலசுவதற்குச் சலைன் 3 லிட்டராவது எடுத்து வையுங்கள். கடல் நீர் பட்ட காயத்தைச் சர்ஜன் தைக்காமல் திறந்து விடுவது வழக்கம், டிரெஸ்ஸிங் பொருள் கூடுதலாகத் தேவைப்படும். தூண்டில் முள்ளுக்கு ஸ்டெரைல் செய்த கம்பி வெட்டும் கட்டர் வேண்டும்: முனையைத் தோலுக்கு வெளியே தள்ளி, கொளுவியை (முனையிலுள்ள பின்னோக்கிய பல்) வெட்டிவிட்டு, மீதியை வந்த வழியே எடுப்பார்கள். சாதாரண கத்தரியால் வெட்ட முயன்றால் கத்தரிதான் கெடும்.

ஊசி குத்திவிட்டால்

விரலைப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. திட்டுவார்களோ என்று மறைத்து வைத்தால் அந்த நேரம் கைநழுவிப் போகும். குத்திய ஊசியை மூடியில் திரும்பச் செருகாமல், துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போடுங்கள். ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில், டியூபும் கையுறையும் சிவப்பில், கண்ணாடி நீலத்தில். அன்றைய பதிவேட்டில் குத்திய நேரம், எந்த ஆபரேஷன், யாரிடம் சொன்னீர்கள் என்பதை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.