"ஐந்து ரவுண்டு ஓடிவிட்டு வா": குழந்தைகளின் கால்பந்துப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஆறரை மணி. பள்ளி மைதானத்தில் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் இருபது பேர் வரிசையாக நிற்கிறார்கள். பந்துகள் வலைப்பைக்குள் கட்டியபடியே கிடக்கின்றன. "முதலில் ஐந்து ரவுண்டு. யாரும் நடக்கக் கூடாது." பிள்ளையைக் கால்பந்துக்கு அனுப்பும் பெற்றோர் பலருக்கும் பழகிய காட்சி இது. பயிற்சி கொடுக்க வந்த முதல் இரண்டு ஆண்டுகள் நானும் இப்படித்தான் தொடங்கினேன். என்னை அப்படித்தான் ஓடவிட்டார்கள். அதுதான் முறை என்று நம்பியிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. மைதானத்தின் சுற்றளவு 300 மீட்டர் என்றால் ஐந்து ரவுண்டு ஒன்றரை கிலோமீட்டர். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இன்னும் ஐந்து நிமிடம். ஒரு மணி நேரப் பயிற்சியில் கால்வாசி கரைந்துவிட்டது. பந்து இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. நேரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. புதிதாக ஒன்றைக் கற்கக் கால்களும் கவனமும் தெம்பாக இருக்க வேண்டும். நாமோ அந்தத் தெம்பை ஓட்டத்தில் செலவழித்துவிட்டு, களைத்த காலைப் பிடித்து, பந்தை உள்பாதத்தால் நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறோம்.

பருவமடையாத பிள்ளையின் உடலை, பெரியவர் உடலின் சின்ன வடிவமாக எண்ணுவதிலிருந்துதான் இந்தத் தவறு பிறக்கிறது. நீண்ட ஓட்டத்தால் பெரியவர்களுக்குக் கிடைக்கும் அளவு பலன் அந்த வயதில் கிடைப்பதில்லை. விட்டுவிட்டு ஓடுவதும் சட்டென்று தெளிவதும் குழந்தைகளின் இயல்பு. கண்ணும் காலும் ஒன்றாக வேலை செய்யப் பழகுவது, சமநிலை, சட்டென்று திரும்புவது ஆகியவைதான் இந்த வயதில் நன்றாகப் படியும். பந்தோடு பழகுவதும் இதில் அடங்கும்.

அப்படியானால் தாக்குப்பிடிக்கும் திறன் எங்கிருந்து வரும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இருபது மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலத்தில் நான்கு கோன்களை வைத்து, மூன்றுக்கு மூன்று ஆடவிடுங்கள். நான்கு நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஓய்வு. இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ஓடினார்கள், நின்றார்கள், திரும்பினார்கள், மோதினார்கள், எழுந்தார்கள். இதற்கிடையில் ஒவ்வொருவரும் பந்தைப் பலமுறை தொட்டுவிட்டார்கள். ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2024-25 பருவத்திலிருந்து சிறுவர் பிரிவுகளில் இத்தகைய சிற்றணி ஆட்டங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மிகச் சிறியவர்கள் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்றே ஆடுகிறார்கள். பிரேசில் பிள்ளைகள் பலர், அணிக்கு ஐந்து பேராக ஆடும் ஃபுட்சலின் குறுகிய களத்தில் வளர்ந்ததும் இதே வழிதான். நமக்கும் இது புதிதல்ல. இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகரைத் தந்த வடசென்னை வியாசர்பாடியில் பிள்ளைகள் நெருக்கமான இடத்தில்தான் பந்து பழகுகிறார்கள். அங்கே உடற்தகுதியும் திறனும் தனித்தனிப் பாடங்கள் அல்ல.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு. "நாங்கள் ஓடவிடுவதே இல்லை, முழுக்கத் திறன் பயிற்சிதான்" என்பார்கள். போய்ப் பார்த்தால் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கோன்களுக்கிடையே பந்தை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். ஒரு முறைக்கு 20 விநாடி என்று வையுங்கள். வரிசை ஒரு சுற்று வர நான்கு நிமிடம். பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு அல்லது மூன்று முறைதான் வாய்க்கும். மீதி நேரமெல்லாம் நின்று முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்ப்பதுதான். இதில் உடலும் வளராது, திறனும் வளராது. கோன் எதிர்த்து வராது, பந்தைப் பறிக்காது. வரிசையை நான்காகப் பிரியுங்கள், ஆளுக்கொரு பந்து கொடுங்கள். பந்து போதவில்லை என்றால் இருவருக்கு ஒன்று. பந்தின் அளவையும் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் 5-ஆம் எண் பந்தைக் கொடுத்தால், பாரத்தைத் தள்ளத்தான் கால் பழகும்.

உடலுக்கென்று தனியாக எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முழங்கால் மடங்க மெதுவாக இறங்குவது, விழும்போது உருளுவது, புஷ்-அப் நிலையில் தாங்குவது ஆகியவற்றைக் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும். 7 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்ட '11+ கிட்ஸ்' என்ற வார்ம்-அப் முறையில் இவைதான் இருக்கின்றன. 15 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். ஐரோப்பாவின் 4 நாடுகளில் ஏறத்தாழ 3,900 குழந்தைகளிடம் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. புஷ்-அப் எடுத்தால் உயரம் நின்றுவிடும் என்று பயப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: சரியான முறையில், சொந்த உடல் எடையோடு செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை.

தாமதமாக வந்தவனை, தோற்ற அணியை, பேசிய பிள்ளையைத் தண்டனையாக ஓடவிடுவதை அடியோடு நிறுத்திவிடுங்கள். ஓட்டம் தண்டனை என்று ஒரு முறை மனதில் பதிந்துவிட்டால் ஆட்டத்தில் ஓடச் சொல்லும்போதும் அந்தக் கசப்பு வரும். மே மாதக் கோடை முகாம்களை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு முறை தண்ணீர் கொடுங்கள்.

நாம் அதிகம் கவனிக்கத் தவறுவது வளரும் வயதின் வலியை. சென்ற ஆண்டு பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் பயிற்சி முடிந்ததும் நுனிக்காலில் நடந்து போவதைப் பார்த்தேன். "என்னடா தம்பி?" என்றேன். "ஒன்றுமில்லை மாஸ்டர்" என்றான். குதிகாலின் இரு பக்கத்தையும் விரலால் அழுத்தியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. எலும்பு வேகமாக நீளும் காலத்தில் குதிகாலிலும், முழங்கால் சிப்பிக்குச் சற்றுக் கீழேயும் தசைநாண் இழுக்கும் இடங்களில் இந்த வலி வரும். ஓட்டமும் குதிப்பும் கூடினால் வலியும் கூடும். மருத்துவரிடம் காட்டாமல், "வலியைத் தாங்கப் பழகு" என்று ஓடவிட்டால் மாதக்கணக்கில் பிள்ளை மைதானத்துக்கே வர முடியாமல் போகலாம்.

அவனை மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் அனுமதித்த அளவுக்குள், ஆறு வாரம் வேக ஓட்டமும் தாண்டுதலும் இல்லாமல், நின்ற இடத்தில் பாஸ், சுவரில் அடித்து இடக்காலால் நிறுத்துவது, உட்கார்ந்தபடி தொடையிலும் தலையிலும் பலூனைத் தட்டுவது என்று வைத்துக்கொண்டோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் நோட்டில் குறிக்கிறேன். யாருடைய உயரம் சட்டென்று ஏறியிருக்கிறதோ, அந்தப் பிள்ளையின் ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறேன். குதிகால் வலித்த அந்த மாணவன் திரும்பி வந்தபோது, அவனுடைய இடக்கால் பாஸ் வலக்காலைப் போலவே நேராகப் போனது.