நகர்மன்றத் தலைவரின் புத்தாண்டு உரையை எழுதுவது எப்படி?

நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது மூன்று தலைவர்களுக்குப் புத்தாண்டு உரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

டிசம்பர் 20-க்குள் வார்டு உறுப்பினர்களிடம் கேளுங்கள்: எந்த வேலை முடிந்தது, எது நிற்கிறது? 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களிலும் கிராம சபை போலப் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அங்கே மக்கள் வைத்த கோரிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் தெருப் பெயரோடு எழுதுங்கள். ‘சாலைகள் மேம்பட்டன’ என்றால் யார் காதிலும் ஏறாது. ‘தேரடித் தெரு வாய்க்கால் பாதியில் நிற்கிறது, காரணம் இது’ என்றால் அந்தத் தெருக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

உரையில் தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லும் பகுதியை எழுதவே அதிக நேரம் கொடுங்கள். மேசையில் உட்கார்ந்து பட்டியல் போடாதீர்கள். ஊருணிக்கரைக்கு நடந்து போங்கள். ஞாயிறுதோறும் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கியவர்கள் யார், அவர்களுக்கு மோர் கொண்டுவந்த அம்மா யார் என்று விசாரியுங்கள். பெயரையும் இனிஷியலையும் அவர்களிடமே சரிபாருங்கள். ஒரு பெயர் விடுபட்டால் அந்த வருத்தம் லேசில் ஆறாது.

தூய்மைப் பணியாளர்களைத் தன்னார்வலர்களோடு சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் ஊதியத்துக்கு உழைக்கிறவர்கள். அவர்களுக்கான நன்றியைத் தனியாகச் சொல்லுங்கள், கையுறையும் காலணியும் எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதோடு.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வரி போதும்.

முடிவில், ஜனவரியில் தொடங்கும் ஒரே ஒரு வேலையின் நாள், நேரம், இடம் மூன்றையும் அறிவியுங்கள். ஏழு நிமிடத்துக்குள் முடிகிறதா என்று முந்தைய நாளே தலைவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.