ரௌட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி: எந்தக் கோப்பை எப்போது ஏற்றுவது?

ரௌட்டரில் கம்பெனி தந்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய இலவச, திறந்த மென்பொருள்தான் ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt). அதன் தளத்தில் ரௌட்டரின் பெயரைத் தேடினால் ஒரே மாடலுக்கு மூன்று, நான்கு கோப்புகள் கண்ணில் படும். உள்ளே இருக்கும் மென்பொருள் ஒன்றுதான். அதை எந்த வழியாக ஏற்றப்போகிறோம் என்பதைப் பொறுத்துப் பொதி மாறுகிறது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரௌட்டரை வைத்துப் பார்ப்போம்.

1. முதலில் ரௌட்டரைக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் படியுங்கள். மாடல் பெயர் போதாது, வெர்ஷன் எண்ணும் வேண்டும். சி7 வெர்ஷன் 2-இன் கோப்பு வெர்ஷன் 5-க்கு ஆகாது.

2. ரௌட்டரில் இன்னும் கம்பெனி மென்பொருளே ஓடுகிறதா? அப்படியானால் 'ஃபேக்டரி' கோப்பு. கம்பெனி மென்பொருள் எதிர்பார்க்கும் அடையாளங்களோடு பொதிந்தது இது. வெர்ஷன் 2-க்கு அமெரிக்க, ஐரோப்பிய ஃபேக்டரி கோப்புகள் தனித்தனியே உண்டு. வட்டாரம் மாறினால் ரௌட்டர் ஏற்காது. பழைய டிபி-லிங்க் பக்கங்கள் நீளமான கோப்புப் பெயரையும் நிராகரிக்கும். பெயரைச் சுருக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

3. ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடினால் 'சிஸ்அப்கிரேட்'. அமைப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் தனியாக நிறுவிய பேக்கேஜ்கள் (கூடுதல் மென்பொருள்கள்) போய்விடும், பட்டியலை முன்பே எழுதி வையுங்கள். "இந்தக் கோப்பு இந்தச் சாதனத்துக்கு உரியதல்ல" என்று எச்சரித்தால் கட்டாயப்படுத்தி ஏற்றாதீர்கள். அப்படிக் கட்டாயப்படுத்தும் டிக்கைப் போட்டால் ரௌட்டர் 'செங்கல்' ஆகிவிடலாம், அதாவது இயங்காமலே போகலாம்.

4. 'இனிட்ராம்எஃப்எஸ்' சில மாடல்களுக்கு மட்டும் தேவைப்படும். இது ரேமில் மட்டுமே ஓடும். கரண்டை அணைத்தால் காணாமல் போகும். அதனால் அதில் எதையும் அமைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும் அங்கிருந்தே சிஸ்அப்கிரேட் கோப்பை ஏற்றினால்தான் மென்பொருள் ஃபிளாஷில் (ரௌட்டரின் நிரந்தர நினைவகத்தில்) நிலைக்கும்.

5. பெயரில் 'ஸ்குவாஷ்எஃப்எஸ்' இருந்தால் அடிப்படை மென்பொருள் மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டு, உங்கள் மாற்றங்கள் மேலடுக்கில் சேரும். ரீசெட் செய்தால் அந்த அடுக்கு மட்டும் அழியும். ராஸ்பெர்ரி பை போன்றவற்றுக்குக் கிடைக்கும் 'எக்ஸ்ட்4' கோப்பில் இந்த வசதி இல்லை. புதியவர்களுக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ்தான் நல்லது. இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் சோதனைப் பதிப்பான 'ஸ்னாப்ஷாட்' பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், பிரவுசரில் அமைப்புகளை மாற்ற உதவும் லூசி (LuCI) இணையப் பக்கமே அதில் இருக்காது.

6. ஏற்றுவதற்கு முன், கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 (SHA256) எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள் (விண்டோஸ் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்'). வைஃபை வழியாக வேண்டாம். லேன் கேபிளில் ஏற்றுங்கள். ஏறும்போது கரண்ட் போகக் கூடாது; யுபிஎஸ் இருந்தால் அதில் செருகுங்கள். ஃபேக்டரி கோப்பு ஏறியதும் பிரவுசரில் 192.168.1.1-க்குப் போங்கள், கடவுச்சொல் இருக்காது. உடனே ஒன்று வையுங்கள். வைஃபை அணைந்தே இருந்தால் பதறாதீர்கள், அதை நாம்தான் இயக்க வேண்டும்.

7. ரௌட்டர் எழவே இல்லையா? சி7-இல் டிஎஃப்டிபி (TFTP) மீட்பு உண்டு; கேபிள் வழியாகக் கணினியிலிருந்து ரௌட்டரே கோப்பை இழுத்துக்கொள்ளும் எளிய முறை இது. கணினியின் ஐபியை 192.168.0.66, மாஸ்க்கை 255.255.255.0 என்று வையுங்கள். ஃபேக்டரி கோப்புக்குச் சாதனப் பக்கத்தில் சொன்ன மீட்புப் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுத்து கணினியில் ஓடும் டிஎஃப்டிபி சர்வரில் வையுங்கள். கணினியின் ஃபயர்வாலை அணைத்து, கேபிளை லேன் போர்ட்டில் செருகி, ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே ரௌட்டரை ஆன் செய்யுங்கள். டபிள்யூபிஎஸ் விளக்கு எரிந்ததும் கையை எடுக்கலாம்.